ரொக்ஸ்பரோவை எழுப்பிய லாரி

எழுபதுகளில் மொன்றியலை ஒட்டிய ரொக்ஸ்பரோவில் குடியிருந்த எவருக்கும் அலாரம் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. எங்களுக்கு மயக்க டாக்டர் இருந்தார். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து கொடுப்பது அவர் உத்தியோகம். பகலெல்லாம் ஆட்களைத் தூங்க வைக்கிற மனிதர், காலையில் தன் லாரியைக் கிளப்பி ஊரையே எழுப்பிவிட்டுத்தான் அந்த வேலைக்குப் போவார்.

அதை இங்கே பிக்கப் டிரக் என்பார்கள். டாக்டரிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது. "லாரின்னு சொல்லுங்க சார், வாய் வலிக்குதா?" என்பார். உலகப் போர் முடிந்த கையோடு செய்த வண்டி. ஒரு விவசாயியின் கொட்டகையில் கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததைக் காலி செய்து வாங்கி வந்தார். அத்தோடு விட்டாரா? நசுங்கிப்போன ஒரு காரிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பிடுங்கி அதற்குள் உட்கார வைத்தார். பழைய வண்டிக்குப் பெரிய எஞ்சின் வைத்துப் பறக்கவிடுவதற்கு ஹாட் ராட் என்று பெயர். தோள்வரை முடி வளர்த்த பையன்கள் செய்கிற காரியம். நாற்பது வயதில், நெற்றியில் விபூதியும் கழுத்தில் டையுமாகச் செய்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

பின்கதவில் கொட்டை எழுத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று தமிழில் எழுதியிருந்தார்.

"இதைப் படிச்சு இங்க எவன் ஹாரன் அடிப்பான், டாக்டர்?" என்று கேட்டேன்.

"பிரெஞ்சுல எழுதுனா இங்கிலீஷ்காரனுக்குக் கோவம். இங்கிலீஷ்ல எழுதுனா பிரெஞ்சுக்காரனுக்குக் கோவம். தமிழ்ல எழுதுனா எவனுக்கும் கோவமில்ல பாருங்க."

அங்கேதான் அவர் கணக்குத் தப்பியது. கோபம் தமிழர்களுக்கு வந்தது. அப்போது மொன்றியலில் நாங்கள் கொஞ்சம் பேர்தான். டாக்டர், என்ஜினியர், பேராசிரியர் என்று எல்லோரும் படித்தவர்கள். தேங்காய் உடைப்பதென்றால்கூட ஜன்னலைச் சாத்திவிட்டு உடைப்போம். அப்படிப்பட்ட எங்கள் நடுவில் இவர் ஆயுத பூஜை கொண்டாடினார்.

இந்த ஊர்க்காரர்கள் பேய்த் திருநாளுக்காகப் பூசணிக்காயில் முகம் செதுக்கி வாசலில் வைக்கிற பருவம் அது. டாக்டரும் கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய காயாகப் பார்த்து வாங்கி வந்தார். நம் ஊர் வழக்கப்படி மேலே துளை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி, லாரியை மூன்று தரம் சுற்றி நடுத்தெருவில் போட்டு உடைத்தார். முகத்தோடு வைத்திருந்தால் ரசித்திருப்பார்கள். சிவப்பாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள் கொலை விழுந்துவிட்டதென்று அலறிவிட்டாள்.

அவள் புகார் கொடுத்தாள். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் அகப்படவில்லை போலும். வீட்டு வாசலில் லாரி நிறுத்தக் கூடாது என்ற சட்டம் அகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே தமிழ்ச் சங்கத் தலைவரான பேராசிரியர், என்னையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனார்.

"வித்துடுங்க டாக்டர். கௌரவமா பொழைக்க வந்த இடம். நம்மள லாரிக்காரன்னு நெனச்சுடுவாங்க."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "நெனைக்கட்டுமே! எங்கப்பா சேலத்துல லாரி ஓட்டுனவர். என்னை டாக்டருக்குப் படிக்க வைக்க அந்த லாரியத்தான் வித்தார். அப்புறம் கடைசிவரைக்கும் அடுத்தவன் வண்டியத்தான் ஓட்டுனார். வர்ற திங்கக்கிழமை முதல் தடவையா இங்க வர்றார். அவர் வந்து எறங்குறப்ப என் வாசல்ல லாரி நிக்கும். எவன் தடுக்குறான்னு நானும் பாக்குறேன்."

பேராசிரியர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இழுவை வண்டியோடு அதிகாரி வந்தபோது, டாக்டர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். "நிறுத்துனாத்தானே குத்தம்? எஞ்சின் ஓடுது. நான் கெளம்பிக்கிட்டே இருக்கேன்" என்று இங்கிலீஷில் ஒரு முறையும் பிரெஞ்சில் ஒரு முறையும் சொன்னார். ஆள் உட்கார்ந்திருக்கிற வண்டியை எப்படி இழுப்பது? அதிகாரியும் காத்திருந்தார். டாக்டரும் கிளம்பிக்கொண்டே இருந்தார். தெருவில் இருந்த கண்ணாடி எல்லாம் நடுங்கியது. எதிர்வீட்டு அலமாரியில் பீங்கான் தட்டுகள் குதித்த சத்தம் எனக்கே கேட்டது.

மத்தியானம் டாக்டரின் மனைவி தட்டோடு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். "ஏங்க, ரசத்துக்காவது எறங்குவீங்களா, இல்ல அதையும் இங்கயே ஊத்தட்டுமா?"

"ஊத்து" என்றார் டாக்டர்.

எட்டு சிலிண்டருக்கும் தீனி போட வேண்டுமே. கேனில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு போனேன். அங்கே எனக்கு முன்னால் பேராசிரியர் கேனோடு நின்றுகொண்டிருந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். பெட்ரோல் கேனோடு சும்மா வருகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாள் காதில் பஞ்சோடு ஓடி வந்தாள். லாரி என்ன, யானையைக்கூட வாசலில் கட்டிக்கொள்ளட்டும், அந்த எஞ்சினை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினாள். புகார் வாபஸ். அதிகாரிக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். டாக்டர் எஞ்சினை அணைத்தார். அந்த அமைதியில் எனக்குக் காது வலித்தது.

மறுநாள் அப்பாவை என் காரில்தான் அழைத்து வந்தோம். வேட்டி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. இறங்கியவர் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முன்னால் துழாவினார்.

"எங்கடா ஸ்டியரிங்கு?"

"இந்த ஊர்ல எடதுபக்கம்ப்பா."

"இவ்வளவு படிச்சும் பாத்து வாங்கத் தெரியலையேடா உனக்கு!" என்று திட்டிக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங் கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "இது யாரோடதுடா?" என்று கேட்டார்.

"உங்களுதுப்பா" என்று சாவியைக் கொடுத்தார் டாக்டர்.

எஞ்சின் உறுமியது. எதிர்வீட்டுத் திரை விலகிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஊரையே எதிர்த்து நின்ற டாக்டர், டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளீனர் பையனைப்போலப் படியில் தொற்றினார். தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்!" என்று கத்தினார்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன். அந்த டாக்டரோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தது.