பல்செட்டுக்கு இறங்கிய புறாக்கள்

ராயபுரத்து வானம் ஒரே ஒருவர் பேச்சைத்தான் கேட்டது. அவர் விசில் நைனா. துறைமுகத்தில் கிரேன்காரருக்குச் சைகை காட்டி ரிட்டயர் ஆனவர். இரண்டு விரலை மடக்கி முன்பல்லில் வைத்து ஒரு விசில் கொடுத்தால் கிரேன் என்ன, கப்பலே நின்றுவிடும் என்பார். கப்பலைப் பற்றி எனக்குத் தெரியாது. புறாக்கள் இறங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் அவர் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருந்தேன். சாயங்காலமானால் சும்மா மொட்டை மாடியில் நிற்பேன். தூரத்தில் கிரேன்கள், அதற்கும் அப்பால் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் கப்பல்கள், எல்லாவற்றுக்கும் மேலே வெளிச்சம் பட்டுத் திரும்பும் புறாக் கூட்டம். நைனா விசில் கொடுப்பார். அவ்வளவு உயரமும் அப்படியே சாய்ந்து வந்து கூண்டு மேல் உட்காரும். நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

சர்க்கரை வியாதி அந்தப் பற்களை ஆட்டிவிட்டது. பல் டாக்டரம்மா மேல் வரிசையை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, ஈறு ஆறும்வரை போட்டுக்கொள்ள ஒரு தற்காலிக செட் கொடுத்தார். ஈறு சுருங்கச் சுருங்க லூஸாகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

"எப்படி இருக்கு நைனா?" என்று கேட்டேன்.

"வாய்க்குள்ள சொந்தக்காரங்க வந்து தங்குனா மாரி கீதுப்பா. எப்ப போவாங்கன்னும் கேக்க முடியல."

அவர் பேசி முடித்த பிறகும் செட் தனியாக ஒரு வார்த்தை பேசும். மாதா கோயில் பூசையில் எல்லோரும் ஆமென் சொன்னபோது இவருடைய ஆமென் மட்டும் கீழுதட்டில் வந்து உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, முகம் துடைத்துவிடுவதுபோல் கைக்குட்டையால் அதை உள்ளே தள்ளினார். வீட்டில் நைனா வஞ்சிர மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "மீன் எது, பிளாஸ்டிக் எதுன்னே தெரியல" என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

அதெல்லாம் சிரிப்போடு போனது. விசில் போனதுதான் சிரிப்பாக இல்லை. செட்டைப் போட்டு ஊதினாலும் கழற்றி ஊதினாலும் வெறும் காற்று. புறாக்களைக் கூண்டிலேயே வைத்திருந்தார். கொஞ்ச நாளில் அதற்கும் மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் திறந்துவிட்டார்.

சாயங்காலம் அவை சுற்றின. இறங்கவில்லை. ஸ்டெல்லா அக்கா கம்புத் தானியம் போட்ட டப்பாவைக் குலுக்கினார், நான் தட்டைத் தட்டினேன். அடுத்த தெரு மாடியில் ஐஸ் பாய் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனுக்கு ஐஸ் விற்கிறவர், அவரும் புறா வளர்ப்பவர். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வழிதவறிய புறா யார் கூண்டுக்குள் போகிறதோ அது அவருக்கு. திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை.

நைனாவுக்கு உயிரான பெட்டை, பூனைக்கண்ணி. அது களைத்துப்போய் பாய் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் இறங்கியது. ஒரு எட்டு வைத்தால் அவர் கூண்டு. நைனாவின் கண் கலங்கிவிட்டது. மறு நிமிடம் கோபம் வந்தது.

"ஐஸு, சோமாறி, கஸ்மாலம், சாவுகிராக்கி, எம் புறாவ இன்னாத்துக்குடா பாக்குற?"

அப்போதுதான் அது நடந்தது. லூஸான செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே விழுந்திருந்த சந்து வழியாக, ஒவ்வொரு வசவோடும் மெல்லிய நீண்ட விசில் ஒன்று புறப்பட்டது. பூனைக்கண்ணி கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. கூட்டம் சாய்ந்தது. நைனா திட்டிக்கொண்டே இருந்தார், அந்தி வெளிச்சத்தில் புறாக்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. கடைசியில் பூனைக்கண்ணியும் தெருவைத் தாண்டி வந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து தினமும் அதே கதை. புறா இறங்க வேண்டுமென்றால் பாய் திட்டு வாங்க வேண்டும். அவரும் வேலையை முடித்துக்கொண்டு சரியாக மாடிக்கு வந்துவிடுவார். "நைனா, ஒண்ணு இன்னும் மேலயே கீது பாரு. எங்க அத்தாவையும் சேத்து வுடு" என்று எடுத்துக் கொடுப்பார்.

பிறகு நிரந்தர செட் வந்தது. கச்சிதம். மீன் குழம்பு மீன் குழம்பாக ருசித்தது. ஆனால் என்ன திட்டினாலும் விசில் இல்லை. முதல் நாளே பாய் படியேறி வந்துவிட்டார்.

"அந்த லூஸு செட்டத் தூக்கிப் போட்றாத நைனா. புறா உன்துதான், திட்டு என்துல்ல? அது இல்லாம எனக்குப் பொயுது போவாது."

ஈறு புண்ணாகும் என்று டாக்டரம்மா சொல்லியும், சாயங்காலம் மட்டும் நைனா பழைய செட்டுக்கு மாறினார். நான் வேலை மாறி வேளச்சேரிக்குப் போனேன். அங்கே எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். சாயங்காலங்கள் வெறுமையாகக் கிடந்தன.

போன மாதம் ஒரு சாயங்காலம் எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ராயபுரம் போய்விட்டேன். தெருமுனையில் திரும்பியதும் நைனா மாடியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"சோமாறி, இவ்ளோ நாளு எங்கடா சுத்திகினு இருந்த?"

அதே மெல்லிய விசில் தெரு முழுக்க வந்தது. படியேறிப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.