உடங்காட்டு அண்ணாச்சியின் கோல்ஃப்

பந்தை நேராக அடிக்கத் தெரியாமலேயே கோல்ஃப் ஆட்டத்தில் மகா மேதையான மனிதர் ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவர்தான் உண்டு. அவர் பாளையங்கோட்டை சர்வே ஆபீஸில் தலைமைச் சர்வேயராக இருந்தார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது; அது பாதிரியாருக்கு மட்டுமே ஞாபகம் இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் உடங்காட்டு அண்ணாச்சி.

உடைமரம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜில்லாவின் செம்மண் தரிசில் குடை விரித்த மாதிரி நிற்கும் மரம் அது. தூரத்திலிருந்து பார்த்தால் படம் வரையத் தோன்றும். கிட்டே போனால் விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று முள். ஜெர்மன் சண்டைக்கு முந்தைய அந்த வருஷங்களில், துரைமார் ஊருக்குக் கிழக்கே ஒரு கோல்ஃப் மைதானம் போட்டார்கள். புல் என்பது மருந்துக்கும் கிடையாது. குழிகளைச் சுற்றி மணலைப் பரப்பி எண்ணெய் தெளித்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். மைதானத்தைச் சுற்றி உடைமரங்கள் அடர்ந்த உடங்காடு. ஆடி மாதக் காற்றில் அடித்த பந்தெல்லாம் அங்கேதான் குடியேறும்.

மைதானத்தைச் சங்கிலி பிடித்து அளந்து, நாலு மூலையிலும் கல் நட்டவர் நம் அண்ணாச்சி. வேலை முடிந்த அன்றைக்கு இன்ஜினியர் துரை ஆட வந்திருந்தார். கூட ஆட ஆள் இல்லை. இந்தத் துரை தமிழில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர். ஆகையால் மனிதர்கள் பேசுகிற தமிழ் அவருக்கு வராது.

"சர்வேயரே, நீரும் ஓர் அடி அடித்துப் பாரும்" என்றார்.

ஈரமணலைப் பிடித்து, அதன்மேல் பந்தை வைத்து, மட்டையை அண்ணாச்சி கையில் கொடுத்தார். அண்ணாச்சி கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். மூடின கண்ணைத் திறக்காமலேயே அடித்தார் என்பது என் சந்தேகம். பந்து கிழக்கே போகவேண்டியது, தெற்கே போய் உடங்காட்டுக்குள் மறைந்தது.

"அவ்விடம் சென்ற பந்து மீளாது. அதை மறந்துவிடும்" என்றார் துரை.

அண்ணாச்சி தலைப்பாகையைக் கழற்றித் துரையின் கையில் கொடுத்தார். வேட்டியை வரிந்து கட்டினார். இரும்பு மட்டையோடு உள்ளே போனார். ஜில்லாவின் வாய்க்கால் வரப்பையெல்லாம் ஆட்டிவைக்கிற துரை, ஒரு தலைப்பாகையை ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றார். கடைசியில் முள்ளுக்குள்ளிருந்து பந்து துள்ளி வந்து பாதையில் விழுந்தது. பின்னாலேயே அண்ணாச்சி வந்தார். முகம் முழுக்கக் கீறல், அதற்கு மேல் ஒரு சிரிப்பு. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். அதற்கப்புறம் சனிக்கிழமை என்றால் அவரை ஆபீஸில் கட்டிப்போட முடியாது.

நான் அப்போது முக்கூடலிலிருந்து வந்து அதே ஆபீஸில் நிலப்படம் வரையும் வேலையில் சேர்ந்திருந்தேன். எனக்கு மறுத்துப் பேச வராது என்பதை அண்ணாச்சி முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். மட்டைப் பையை என் தோளில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

மற்றவர்களுக்குப் பந்து முள்ளுக்குள் விழுந்தால் ஆட்டம் முடிந்த மாதிரி. அண்ணாச்சிக்கு அங்கேதான் ஆட்டமே ஆரம்பம். முதலில் பந்தைச் சுற்றிச் சுற்றி வருவார். குனிந்து பார்ப்பார். தள்ளி நின்று பார்ப்பார். கிளை எவ்வளவு தாழ்வு, மண் இளகியிருக்கிறதா, ஆடு நடந்த தடம் எந்தப் பக்கம் போகிறது, எல்லாம் ஆராய்ச்சி நடக்கும். இதற்கிடையில் தேவாரம் மாதிரி இழுத்து இழுத்து ஒரு ஞானப்பாட்டு வேறு.

ஒரு நாள் பந்துக்கும் குழிக்கும் நடுவே இரண்டு மரத்தின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. எனக்கு ஒரே உற்சாகம்.

"அண்ணாச்சி, அந்த இடுக்கில விட்டா நேரே குழிக்கிட்ட போயிரும்!"

"இடுக்கு எம்புட்டு அகலம் வே?"

"ஒரு முழம் இருக்கும்."

"வெட்டவெளியில ஒரு பர்லாங்கு அகலம் கெடந்துச்சு. அதுலயே நேரா அடிக்க முடியாம இங்க வந்து கெடக்கேன். இந்த ஒரு முழத்தில நேரா அடிச்சிருவேனாக்கும்?"

பையிலிருந்து இரும்பு மட்டையை உருவிக்கொண்டார்.

"கேட்டுக்கிடும் வே. தப்பா அடிச்சாச்சு. அந்த அடி போயிட்டு. அதை இந்த அடியில திருப்பி வாங்கணும்னு ஆசைப்படாதீரும். பக்கவாட்டில பைய வெளிய வாரும். குழி எங்கயும் ஓடிராது."

சொன்னபடி பக்கவாட்டில் தட்டினார். பந்து சாதுவாகப் பாதைக்கு வந்தது. உள்ளே போகிற ஒவ்வொரு அடிக்கும் ஜெபம் உண்டு. வெளியே வருகிற அடிக்கு ஜெபம் கிடையாது. ஏன் என்று கேட்டேன். "விழுற வரைக்கும் அவர் பொறுப்பு. விழுந்தபொறவு நம்ம பொறுப்பு" என்றார். எந்தப் பிரசங்கத்தில் கேட்டாரோ தெரியாது.

இந்தத் தத்துவத்தை அவர் கோல்ஃபோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் முக்கூடலில் ஒரு கல்யாணத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். வழியில் ஆற்றுமணலில் சக்கரம் புதைந்தது. வண்டிக்காரன் மாட்டை முன்னால் அதட்டினான். அண்ணாச்சி கீழே குதித்துச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஏலே, முன்னால போகாத. பக்கவாட்டில எடு!"

எடுத்தான். வண்டி பக்கவாட்டில் போய்த் தாமிரபரணியில் இறங்கியது. நாங்கள் நனைந்து போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தி முடிந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி மட்டும் கலங்கவில்லை. "வெளிய வந்துட்டோம்லா?" என்றார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு புதுத் துரை மாற்றலாகி வந்து சேர்ந்தார். வாலிபர். அடித்தால் பந்து நூல் பிடித்த மாதிரி போகும். அவருக்கு அண்ணாச்சியைக் கண்டாலே ஆகவில்லை. இந்த ஆள் ஒவ்வொரு குழிக்கும் முள்ளுக்குள் போய்ப் பாட்டுப் பாடுகிறார், பின்னால் வருகிறவர்கள் காத்துக் கிடக்கிறார்கள், இனிமேல் சர்வே ஆபீஸ்காரர்கள் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஒரே பிடிவாதம். இன்ஜினியர் துரை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்.

"சர்வேயரே, வருகிற சனியன்று நீர் இவரோடு ஆடுவீர். நீர் வென்றாலும், சமமாய் முடித்தாலும், முன்போல் ஆடலாம். தோற்பீராகில், யான் ஒன்றும் செய்ய இயலாது."

அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு வந்தார். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் அவர் பாடவில்லை. அந்த மனிதருக்கு வாரத்தில் ஆறு நாள் சங்கிலியும் கல்லும் வரப்புச் சண்டையும்தான். சந்தோஷம் என்று இருந்தது அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலம் ஒன்றுதான். அது போய்விடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. காற்றென்றால் காற்று, ஆளைத் தூக்குகிற ஆடிக் காற்று! அண்ணாச்சி ஜெபம் பண்ணி அடித்த பந்தெல்லாம் வழக்கம்போல் முள்ளுக்குள். ஒவ்வொரு தடவையும் ஒரே தட்டில் பக்கவாட்டில் வெளியே. புதுத் துரை நேராகத்தான் அடித்தார். ஆனால் காற்று அவரையும் விடவில்லை. மூன்று தடவை அவர் பந்தும் உடங்காட்டுக்குள் போனது. அங்கே அவருக்குக் கோபம் வந்தது. இடுக்கில் விட்டார், மரத்தில் பட்டுத் திரும்பியது. மறுபடி விட்டார், இன்னும் உள்ளே போனது. ஒரு மட்டை முறிந்தது. தொப்பி கிளையில் தொங்கியது. குறைந்த அடியில் முடிக்கிறவருக்கே அந்தக் குழி என்பது கணக்கு; இந்த மூன்றும் அண்ணாச்சிக்கு வந்தன, மற்றதில் மூன்று துரைக்கு, இரண்டு சமம். எட்டுக் குழி முடிந்தபோது இரண்டு பேரும் சமம்! 

ஒன்பதாவது குழி, அதுதான் கடைசி. புதுத் துரை அடித்தது மைதானத்தின் நட்டநடுவில் போய் நின்றது. அண்ணாச்சியின் பந்து காற்றில் ஏறி, கல்லைத் தாண்டி, காட்டைத் தாண்டி, அப்பால் ஒரு புஞ்சையில் இறங்கியது. அங்கே கோனார் ஒருவர் கிடை போட்டிருந்தார். எருவுக்காக மந்தையை இராத்தங்க அடைத்து வைப்பதைத்தான் கிடை என்போம். உடைமுள்ளை வெட்டி வளைத்த வேலிக்குள் ஒரே செம்மறி மயம்; அதற்கு நடுவில் எங்கள் பந்து.

நானும் அண்ணாச்சியும் ஓடினோம். துரைமார் இரண்டு பேரும் மரங்களுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

"பைய வாங்க அண்ணாச்சி, ஆடு மெரளும்" என்றார் கோனார்.

பந்து வேலியோரத்தில், முள்ளுக்கடியில், புழுக்கைக் குவியலில் பாதி புதைந்து கிடந்தது. அண்ணாச்சி சுற்றி வர ஆரம்பித்தார். அவர் இரண்டாம் சுற்றில் இருக்கும்போது ஒரு கிடா மிரண்டு பின்னங்காலால் ஓர் உதை விட்டது பாருங்கள்! பந்து வேலிச் சந்தில் பாய்ந்து, ஆட்டுத் தடத்தோடு உருண்டு, மைதானத்துக்குள்ளேயே போய் நின்றது. அங்கிருந்து குழி கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஒரு பிள்ளைகூட அடித்துவிடும்.

"பந்து வெளிய போயிட்டு அண்ணாச்சி! என் கிடா ராசா கிடால்லா!" என்று கோனார் குதித்தார்.

நானும் குதித்தேன். "யாரும் பாக்கல அண்ணாச்சி. வாங்க, அடிங்க!"

அண்ணாச்சி நகரவில்லை.

"பந்தை யாரு வே அடிச்சா?"

"கிடா."

"கிடாயா வே ஆட்டத்தில சேந்திருக்கு?"

"அண்ணாச்சி, ஆட்டமே போயிரும்!"

"எல்லைக்கல்லை மாடு முட்டித் தள்ளிட்டுன்னு வையும். கல்லு விழுந்த இடமா வே எல்லை? முப்பது வருசமா ஊருக்கெல்லாம் இதைத்தான சொல்லிக்கிட்டு வாரேன். பந்தை எடுத்துட்டு வாரும்."

எடுத்து வந்தேன். எந்தப் புழுக்கையில் கிடந்ததோ அதே புழுக்கையில் வைக்கச் சொன்னார். பிறகு துரைமாரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். புதுத் துரை வெள்ளைச் சப்பாத்தைத் தூக்கித் தூக்கி வைத்து வந்து எட்டிப் பார்த்தார். "சட்டப்படி சரி" என்றார். அவ்வளவுதான். அந்தக் கணத்தில் நான் அந்தக் கிடாவைத் தவிர உலகத்தில் எல்லாரையும் வெறுத்தேன், அண்ணாச்சி உள்பட.

அவர் பக்கவாட்டில் தட்டினார். பந்து சுத்தமாக வெளியே வந்தது. அடுத்த அடியை ஜெபமில்லாமல் அடித்தார். நான் பார்த்த அத்தனை காலத்தில் அவர் நேராக அடித்த ஒரே அடி அதுதான்! பந்து குழியைச் சுற்றின எண்ணெய் மணலிலேயே போய் நின்றது. புதுத் துரை நாலாவது அடியில் குழியில் போட்டுவிட்டார். அண்ணாச்சிக்கும் நாலாவது அடி. போட்டால் சமம். தள்ளினார். பந்து உருண்டது, உருண்டது, குழியின் உதட்டில் போய் நின்றது. காற்று இவ்வளவு அடிக்கிறதே, கொஞ்சம் தள்ளக்கூடாதா? தள்ளவில்லை.

புதுத் துரை கை குலுக்கிவிட்டுப் போனார். இன்ஜினியர் துரை ஏதோ சொல்ல வந்து, தமிழ் கிடைக்காமல், மரியாதைக்குத் தொப்பியை மட்டும் கழற்றினார். நாங்கள் ஊருக்கு நடந்தோம். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். அவர் வீட்டு வாசலில் பையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. நாலு மணிக்கு நிழல் தட்டியது. நிமிர்ந்தேன். அண்ணாச்சி வேட்டியை வரிந்து கட்டி, மட்டைப் பையோடு நிற்கிறார்.

"என்ன வே முழிக்கீரு? வாரும்."

"அண்ணாச்சி, மைதானத்துக்குள்ள நம்மள விடமாட்டாங்கல்லா?"

"மைதானம் நாலு கல்லுக்கு உள்ள. கல்லை நட்டவன் நான். கல்லுக்கு அந்தப் பக்கம் புறம்போக்கு. யோசிச்சுச் சொல்லும் வே, நாம என்னைக்குக் கல்லுக்கு உள்ள ஆடினோம்?"

எனக்குச் சிரிப்புப் பீறிட்டு வந்தது. அன்றைக்கே உடங்காட்டுக்குள் மூன்று குழி தோண்டினோம். எண்ணெயும் இல்லை, மணலும் இல்லை. கோனார் கிடையை நகர்த்தி இடம் விட்டார். அடுத்த மாதம் இன்ஜினியர் துரை கல்லைத் தாண்டி வந்து நின்று, "யானும் வரலாமோ?" என்று கேட்டார். அண்ணாச்சி பென்ஷன் வாங்கிப் போகிறவரையில் அங்கேதான் ஆடினோம்.

அதன்பிறகு எத்தனையோ மைதானம் பார்த்துவிட்டேன். நீலகிரியில் பட்டு விரித்த மாதிரி புல். அடித்த பந்து கண்ணெதிரே கிடக்கும். போனோம், எடுத்தோம், வந்தோம் என்று முடிந்துவிடும். அண்ணாச்சியோடு அந்த முள்ளுக்குள் குனிந்து தேடின சாயங்காலங்களில்தான், பந்து இப்போதே கிடைத்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.