இரண்டு பேருக்குப் பொருந்திய கிசுகிசு

அன்பு தாராளமாகவும் பொறுமை சற்றே குறைவாகவும் வாய்க்கப்பெற்ற என் தங்கைக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. நான் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறேன். முழங்கால்கள் மட்டும் தனித்தனியாகப் புகார் சொல்கின்றன; அவற்றையும் நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே? மாப்பிள்ளையின் இருமல் மருந்துக்குக் கட்டுப்பட்டதா, உன் அதட்டலுக்குக் கட்டுப்பட்டதா என்று எழுதவும்.

நிற்க. என் நடத்தையைப் பற்றி ஒரு வதந்தி உன் காதுக்கு வந்திருக்கலாம். வராவிட்டால் இனி வரலாம். அதை நீ நம்பக் கூடாது. நம்பித் தொலைத்தாலும் யாரிடமும் சொல்லக் கூடாது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ ஒன்பது சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

முப்பத்தொரு வருடம் நான் பத்திரிகையில் என்ன கிழித்தேன் என்பது உனக்குத் தெரியும். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் "பையன் பத்திரிகையில் பெரிய பொறுப்பில் இருக்கிறான்" என்று அப்பா சொல்லி வைத்தாரே, அந்தப் பெரிய பொறுப்பு கடைசிக்கு முந்தைய பக்கத்தில் கிசுகிசு எழுதுவது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அங்கிருந்த வக்கீல் என்னை உட்காரவைத்து ஒரு விதி சொன்னார். பெயர் கூடவே கூடாது. தொழிலைச் சொல்லலாம், உறவைச் சொல்லலாம், மூக்கைக்கூடச் சொல்லலாம். ஆனால் எழுதியது குறைந்தது இரண்டு பேருக்குப் பொருந்த வேண்டும். ஒருவருக்கே பொருந்தினால் வழக்குப் போடுவார், இரண்டு பேருக்குப் பொருந்தினால் ஒவ்வொருவரும் அது மற்றவர்தான் என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நான் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை, என்மேல் ஒரு வழக்கும் வந்ததில்லை. கை அப்படிப் பழகிவிட்டது. இந்தக் கடிதத்திலும் யார் பெயரும் வராது, பார்த்துக்கொள். மந்திரியின் பேச்சைப் படிக்காதவர்கள்கூட என் பக்கத்தைப் படித்தார்கள். உன் அண்ணி மட்டும் தொட மாட்டாள். "ஊர் வம்பு எனக்கு எதுக்கு? இன்னிக்கு ஆபீஸ்ல உங்களுக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க" என்பாள். நான் சொல்வேன், அவள் சிரிப்பாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு எனக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்டதில்லை.

இந்தக் குடியிருப்பில் பதினாறு வீடுகள். என் மகள்தான் பார்த்துப் பிடித்துக் கொடுத்தாள். சாமான்களை இறக்கி வைத்துவிட்டுப் போனவள், இரண்டு வருடமாக இந்தப் படியை மிதிக்கவில்லை. குறை சொல்லவில்லை, அவளுக்கு வேலை அப்படி. ஞாயிறு தோறும் போன் வரும். "சாப்பிட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களாப்பா? சரிப்பா, வைக்கிறேன்பா." மூன்று வாக்கியத்தில் நான்கு அப்பா. மற்ற ஆறு நாட்களும் என்னோடு முறையாகப் பேசுவது இங்குள்ள லிஃப்ட் மட்டும்தான். "கதவு மூடுகிறது" என்று சொல்லும் அது. ஒருநாள் "சரிம்மா, மூடு" என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுத் தையல்காரம்மா உள்ளே நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவள் படியில் ஏறிப் போகிறாள்.

இப்படி இருக்கையில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்து நின்றார். இவர் கல்யாண வீட்டிலும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றியே பேசக்கூடியவர். "சார், நீங்க பத்திரிகைல இருந்தவரு. மாசாமாசம் நம்ம சுற்றறிக்கையை எழுதிக் கொடுங்களேன், நான் எழுதினா என் பொண்டாட்டியே படிக்க மாட்டேங்கிறா" என்றார். ஒப்புக்கொண்டேன், எழுத்து என்னுடையது, அடியில் கையெழுத்து அவருடையது. தொட்டி கழுவும் தேதி, மோட்டார் பழுது, குப்பையைப் பிரித்துப் போடவும் என்று எழுதினேன். இரண்டு மாதம் போனது. மூன்றாம் மாதம் எல்லாம் எழுதிய பிறகும் அடியில் நான்கு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. தங்கையே, கிசுகிசுக்காரன் முன்னால் நான்கு வரி வெற்றிடத்தைக் காட்டக் கூடாது. பூனைக்கு முன்னால் பால் வைத்த கதைதான். ஆனால் யாரைப் பற்றி எழுதுவது? வம்பு எழுத வேண்டுமானால் நாலு பேர் நம்மிடம் பேச வேண்டும். என்னிடம் பேசுவது லிஃப்ட், அதற்கு ஒரு ஒழுக்கக் கேடும் கிடையாது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே மனிதனைப் பற்றி எழுதினேன். என்னைப் பற்றி.

எழுதியது இதுதான்: "இரண்டாம் மாடியில் தனியே வசிக்கும், ஓய்வுபெற்ற, கண்ணாடி அணிந்த பெரியவர் வீட்டில் தினமும் மாலை ஐந்து மணிக்கு இரண்டு தேநீர்க் கோப்பைகள் கழுவப்படுகின்றனவாமே! இரண்டாவது கோப்பை யாருக்காம்?" இதில் பொய் ஒன்றும் இல்லை. இன்றுவரை நான் இரண்டு கோப்பைதான் எடுக்கிறேன். இரண்டிலும் ஊற்றிவிடுகிறேன், பிறகு ஞாபகம் வந்து இரண்டையும் நானே குடிக்கிறேன். யாராவது வந்து "என்ன சார், யாரு சார் அது?" என்று கேட்டால் இதைச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்காகத்தான் எழுதினேன், வேறு ஒரு காரணமும் இல்லை. இரண்டு வகை பிஸ்கட் வாங்கி வைத்து, கதவைச் சற்றே திறந்து வைத்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து. மாடிக்கு வந்தன, என் வாசலைத் தாண்டின, எதிர் வீட்டு மணியை அடித்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர் வீட்டில் ஒரு சர்வேயர் இருக்கிறார். இரண்டாம் மாடி, தனி ஆள், ஓய்வுபெற்றவர், கண்ணாடி! பாழாய்ப்போன கை தன் பழக்கத்தில் இரண்டு பேருக்குப் பொருந்துகிற மாதிரி எழுதிவிட்டிருக்கிறது. அது போகட்டும், இரண்டு பேருக்குப் பொருந்தினால் பாதிப் பேராவது என்னிடம் வர வேண்டாமா? பதினாறு வீட்டில் ஒருவருக்குக்கூட என்மேல் சந்தேகம் வரவில்லை. பொறுக்க முடியாமல் படியில் தையல்காரம்மாவை மறித்து, "ஏம்மா, சுற்றறிக்கைல வந்திருக்கே, அது ஒருவேளை நானா இருக்கலாம்ல?" என்று கேட்டேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "போங்க சார், உங்களைப் போய் யாராச்சும் அப்படிச் சொல்வாங்களா? நீங்க பாவம்" என்றாள். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். "நீங்க பாவம்" போல ஒன்று என்னைச் சுட்டதில்லை.

அதற்குப் பிறகு வதந்திக்குக் கை கால் முளைத்தது. செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்மணி ஒரு நர்ஸ். வியாழக்கிழமை பாட்டு டீச்சர். சனிக்கிழமைக்குள் அவளுக்குக் கணவன் ஒருவன் வந்து, அவன் குத்துச்சண்டைக்காரனாகவும் ஆகிவிட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சர்வேயர் வீட்டுக்குப் போகிறவர்கள் துப்புத் துலக்க வெறுங்கையோடு போக முடியாதல்லவா, பழம் கொண்டு போனார்கள், ரொட்டி கொண்டு போனார்கள், ஒருவர் நாற்காலியே கொண்டு போனார். அவரும் அப்படி யாரும் இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். நெருப்பில்லாமல் புகையுமா என்று சொல்லிவிட்டு மறுநாளும் வந்தார்கள். என் பிஸ்கட் நமுத்துப்போனது. எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால், பொறாமையாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் சர்வேயரின் மகன் பையும் கையுமாக வந்து இறங்கினான். இரண்டு மூன்று வருடமாக எட்டிப் பார்க்காதவனாம். யார் காதோடு காதாகச் சொன்னார்களோ, ஓடி வந்துவிட்டான். பழைய பாட்டுகளில் ஊரார் அலர் தூற்றிய பிறகுதான் வீட்டார் கண் திறப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் நல்லதோடு கெட்டதும் வந்தது. குடும்பங்கள் வாழும் இடத்தில் இப்படியெல்லாம் நடக்கலாமா என்று சங்கம் கூட்டம் போட்டது. சர்வேயர் வாடகைக்கு இருப்பவர். வீட்டைக் காலி செய்யச் சொல்வதென்று பேச்சு. அதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவன் பிழைப்பில் மண் போட நான் எழுதவில்லை, தங்கையே.

ஞாயிறு காலை கூட்டத்தில் நானே எழுந்து நின்றேன். "அது அவர் இல்லை. அது நான். எழுதினதும் நான், எழுதப்பட்டதும் நான். இரண்டு கோப்பையும் என் வீட்டுக் கோப்பை" என்றேன். செயலாளர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியும். சிநேகிதரைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கிறீங்க." நான் பதறிப்போய், "அவர் எனக்குச் சிநேகிதரே இல்லை, அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை" என்றேன். "பாருங்க, அதையும் மறைக்கிறாரு" என்று தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் என்ன சொல்வது? "வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்கய்யா!" என்று கத்தினேன். அப்போது பின்னாலிருந்து என் சட்டையை யாரோ இழுத்தார்கள். சர்வேயர். என் காதருகே குனிந்து, "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சும்மா உக்காருங்க. விஷயம் முடிஞ்சிருச்சுன்னா என் பையன் இன்னிக்கே கிளம்பிருவான்" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்மணி வருகிறாளா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வதென்று சங்கம் பத்து நாள் தவணை கொடுத்தது. அப்பாவைக் காவல் காக்க மகன் அந்தப் பத்து நாளும் லீவு போட்டான். மாலையில் எதிர் வீட்டில் சண்டை கேட்கும். மகன் "யாருப்பா அது? உண்மையைச் சொல்லுங்க" என்பான், அப்பா "நீ சின்ன வயசில செஞ்சதை நான் கேட்டேனா?" என்பார், பிறகு எங்கேயோ பேச்சு திசைமாறி இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டேன். கேட்டேன் என்றால் ஒட்டுக்கேட்டேன். பத்து நாளில் எந்தப் பெண்மணியும் வராததால் சங்கம் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டது, மகன் மாதம் ஒருமுறை வருவதாகச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினான்.

அன்று மாலை என் வீட்டு மணி அடித்தது. இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் யாரோ என்னைத் தேடி அடித்த முதல் மணி. செயலாளர் கணக்கில் சேர மாட்டார், அவர் தொட்டியைத் தேடித்தான் வருவார். வாசலில் சர்வேயர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எழுதினது நீங்கதான்னு எனக்குத் தெரியும் சார். அடுத்த மாசச் சுற்றறிக்கையில நாலு வரி இடம் இருக்குமா?" என்றார். அதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. "பையன்தான், ரயில் ஏறிட்டானாம்" என்று முகமெல்லாம் பல்லாக வீட்டுக்கு ஓடினார். தேநீர் போட்டு வைத்திருந்தேன், திரும்பி வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வம்பு பேசுவதும் எழுதுவதும் எவ்வளவு பெரிய பாவம் என்று இந்த வயதில் புத்தி வந்துவிட்டது. இனி சுற்றறிக்கையில் தண்ணீர்த் தொட்டி தவிர ஒரு சொல் எழுத மாட்டேன், இது சத்தியம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, யாரும் என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. முக்கியமாக என் மகள் காதுக்கு இதில் ஒரு எழுத்தும் போகக் கூடாது. அவளுக்கு அவசர புத்தி. கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த வண்டியிலேயே வந்து நிற்பாள், பாவம், எதற்கு அவளுக்கு அலைச்சல்? மாப்பிள்ளைக்கு என் அன்பான விசாரிப்புகள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நாலு பேர் மெச்ச வாழ என் ஆசிகள். நீ எப்போதும்போல் சிரித்த முகத்தோடு நூறு வயது இரு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: மடிக்கும் முன் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்த்தேன். சர்வேயர் கதை உன்னோடு இருக்கட்டும், அது நீளமாக இருக்கிறது. என் மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா வீட்டுக்கு யாரோ ஒரு பெண்மணி வந்து போறாங்களாம்" என்று மட்டும் சொல். யாருக்கும் சொல்லாதே என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொள். வியாழக்கிழமை சொன்னால் தோதாக இருக்கும், வெள்ளிக்கிழமை லீவு கேட்டுக்கொள்வாள். அந்தப் பெண்மணிக்கு என்ன வயது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. அண்ணனிடமே கேட்டேன், அப்படி யாரும் இல்லை என்று கோபமாக மறுத்தார் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள். நான் மறுத்தேன் என்று தெரிந்தால்தான் அவள் கிளம்பி வருவாள்.