பெரியத்தையும் சின்னத்தையும் சொன்ன வழி

அலுவலகத்தில் எல்லாரும் அவனைப் 'பதட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்தாறு. ஊரைவிட்டு வெளிநாட்டுக்கு வந்து இன்றோடு ஆறு மாதம். காலை ஒன்பதே முக்காலுக்கு அவன் இருந்த இடம், ஆறாவது மாடி, மூன்றாவது வரிசை, தன் மேசைக்கு அடியில்.

விழாத பேனாவை ஒரு கையால் தேடிக்கொண்டே, இன்னொரு கையால் செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான். மறுமுனையில் ஒரு பல் க்ளினிக்கின் வரவேற்புப் பெண்.

"நெட்வொர்க் சார்தானே? எங்க பிரிண்டர்ல ஒரு சீட்டு வந்திருக்கு. 'ரெண்டு கிலோ, உள்ளே க்ரீம், மேலே மூணு பூ.' டாக்டர்கிட்ட காட்டினேன். இப்படி ஒரு வாயை அவர் படிச்சதே இல்லையாம்."

அந்த க்ளினிக் அன்றைக்குத்தான் திறந்திருந்தது. அதற்கு இணைப்புக் கொடுத்தவன் பதட்டம். தனியாகச் செய்த முதல் வேலை. அதுவும் எந்த நாளில்? சாயங்காலம் நாலு மணிக்கு மேலதிகாரி மேடம் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கும் நாளில். ஆறு மாதச் சோதனைக்காலம் முடிகிறது. வேலை நிரந்தரமானால் இந்த நாட்டில் இருக்க அனுமதி நீளும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து மேடத்தின் செருப்பு மேசையோரம் வந்து நின்றது. கீழே ஒரு வேலை இருந்தது, அதனால்தான் தாமதம் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டு அது நகர்ந்தது. பதட்டம் அதுவரை மூச்சு விடவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவன் கம்பெனியின் தொழிலே இதுதான். வங்கி, பள்ளிக்கூடம், கேக் கடை, பல் க்ளினிக் என்று எல்லாருடைய கிளைகளையும் ஒரே கம்பிகள் வழியாக இணைப்பது, ஆனால் ஒருத்தர் சமாசாரம் இன்னொருத்தர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு ஒவ்வொரு ரவுட்டரும் 'இன்னாருடைய இன்ன எண் என் பக்கம் இருக்கிறது' என்று மற்ற ரவுட்டர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இருநூறு ரவுட்டரும் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தால் சந்தைக்கடைதான். அதனால் நடுவில் இரண்டு பேரை உட்கார வைத்திருந்தார்கள். இவர்களும் இயந்திரங்கள்தான், ரூட் ரிஃப்ளெக்டர் என்று பெயர். எல்லாரும் இவர்களிடம் சொன்னால் போதும், இவர்கள் மற்ற எல்லாருக்கும் சொல்லிவிடுவார்கள். சரக்கைத் தொட மாட்டார்கள், சேதி மட்டும்தான். அதைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்கள், உண்மையா என்று கேட்கவும் மாட்டார்கள். முதலில் சொன்னது யார் என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்துச் சொல்வார்கள்.

இதைப் புரிந்துகொள்ள மற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. பதட்டத்துக்கு ஒரு நிமிஷம். அவனுக்கு ஊரில் இரண்டு அத்தைகள் உண்டு. முதல் ரிஃப்ளெக்டருக்குப் பெரியத்தை, இரண்டாவதற்குச் சின்னத்தை என்று அன்றைக்கே மனசுக்குள் பெயர் வைத்துவிட்டான்.

அத்தைகள் மேல் தப்பில்லை. கேக் கடைகள் எல்லாம் ஆர்டர் அனுப்பும் பொதுச் சமையற்கூடத்துப் பிரிண்டருக்கும் எண் பத்து, க்ளினிக் பிரிண்டருக்கும் எண் பத்து. எந்தப் பத்து யாருடையது என்பதைக் கூடவே போகும் முத்திரைதான் சொல்லும். காலையில் நேரத்தை மிச்சம் பிடிக்க, சமையற்கூடத்துக்கு எழுதியிருந்த ஆறு வரியை நகலெடுத்து க்ளினிக்குக்கு ஒட்டினான் பதட்டம். ஐந்து வரியை மாற்றினான். மாற்றாத ஆறாவது வரிதான் முத்திரை.

பெரியத்தை கேட்டாள், சொன்னாள். சின்னத்தையும் கேட்டாள், சொன்னாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் பன்னிரண்டு கேக் கடைகளுக்கும் சேதி போய்விட்டது. பல் க்ளினிக்குக்குப் பக்கத்தில் இருந்த ஏழு கடைகள் அதை நம்பி, தங்கள் ஆர்டரை எல்லாம் அங்கேயே அனுப்ப ஆரம்பித்தன. அந்த ஏழில் ஒன்று இவன் கட்டடத்துத் தரைத்தளத்திலேயே இருந்தது.

பதட்டம் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். சரியான முத்திரையைத் தட்டினான். தட்டினானே தவிர, பழையதை எடுக்கவில்லை. இப்போது க்ளினிக்குக்கு இரண்டு முத்திரை. பல் நோயாளிகளின் சீட்டும் வந்தது, கேக்கும் வந்தது, ஒன்று விட்டு ஒன்று.

வரவேற்புப் பெண் மறுபடி கூப்பிட்டாள். சீட்டில் இருந்ததைப் பார்த்து, காத்திருந்தவர்களிடம் "வெண்ணிலா, உள்ள வாங்க" என்று அழைத்தாளாம். ஒரு பெரியவர் எழுந்து உள்ளேயும் போய்விட்டாராம்.

அதற்குள் சமையற்கூடத்து மாஸ்டர் போனில் பிடித்துக்கொண்டார். "தம்பி, அஞ்சு கடைச் சீட்டுதான் வருது. மத்த ஏழு கடைப் பக்கம் யாருக்கும் பொறந்த நாளே கிடையாதா?"

இதோ பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, பதட்டம் பெரியத்தையின் வாயைப் பொத்தினான். கேக் முத்திரையோடு எது வந்தாலும் யாருக்கும் சொல்லாதே என்று ஒரு உத்தரவு. ஒன்றும் மாறவில்லை. ஒருத்தி மறந்தாலும் இன்னொருத்தி சொல்வதற்காகத்தானே இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள். சின்னத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் வாயையும் பொத்தினான்.

கேக் உலகமே இருண்டது. சமையற்கூடம் இருக்கும் இடத்தைச் சொல்லக்கூட ஆளில்லை.

"தம்பி, அந்த அஞ்சும் போச்சு" என்றார் மாஸ்டர். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

பதறிப்போய் இரண்டு அத்தைகள் வாயிலிருந்தும் கையை எடுத்தான். அதுவரை அனுப்ப முடியாமல் கடைகளில் தேங்கிக் கிடந்த ஆர்டர் எல்லாம் மடை திறந்தது போலப் பாய்ந்தது. ஐந்து கடையுடையது மாஸ்டருக்கு. ஏழு கடையுடையது க்ளினிக்குக்கு. பிரிண்டர் சூடாகிப் புகை வாடை வருகிறது, டாக்டர் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பல் பிடுங்குகிறார் என்று தகவல் வந்தது.

பழியைப் பக்கத்து மேசைக்காரர் மேல் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். நடக்காது. யார் சொன்னது என்று அத்தைகள் பதிந்து வைத்திருப்பார்கள்.

மறுபடி மேசைக்கு அடியில் போனான். ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினான். வேலை போகப் போகிறது, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லு என்று முடித்தான்.

"மேசைக்கு அடியில இருந்தா பேசுற? குரல் எதிரொலிக்குது" என்றாள் அக்கா. பிறகு, "தப்பாச் சொன்னவன் நீ. அத்தைங்க வாயை எதுக்குடா பொத்துற? நீ திருத்திச் சொல்லு, அவங்க தன்னால திருத்திச் சொல்லுவாங்க. நம்ம அத்தைங்களும் அப்படித்தான்."

பதட்டம் மேசையில் தலையை இடித்துக்கொண்டு எழுந்தான்.

ஒரே ஒரு வரி. க்ளினிக்கில் மிச்சமிருந்த பழைய முத்திரையை எடுத்தான். 'முன்னே சொன்னது இல்லையாம்' என்றாள் பெரியத்தை. 'இல்லவே இல்லையாம்' என்றாள் சின்னத்தை. பன்னிரண்டு கடைகளும் ஒரு நொடியில் சமையற்கூடத்துப் பக்கம் திரும்பின. அவனுக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. மணி மூன்றேகால். வரவேற்புப் பெண் தன்னிடம் வந்திருந்த நாற்பத்தொரு சீட்டையும் மாஸ்டருக்குப் போனில் வாசித்துக்காட்டினாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

நாலு மணிக்கு மேடத்தின் அறைக்குள் போனான்.

மேடம் மேசையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். ஒரு காகிதம்கூட இல்லை.

"உக்காருப்பா. ஒண்ணு வரணும். வந்ததும் ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

எது வரணும்? வேலையைவிட்டு அனுப்பும் கடிதமா, வாசல்வரை கொண்டுபோய் விடக் காவலாளியா? மேடம் கதவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். யாருக்கோ போன் செய்து, காலையிலேயே சொல்லியாயிற்றே, நாலு மணிக்கு என்றுதானே பேச்சு என்று கடுகடுத்தார். மணி நாலு பத்து. நாலேகால்.

அதற்கு மேல் பதட்டத்தால் தாங்க முடியவில்லை.

"மேடம், யாரையும் கூப்பிடாதீங்க. நானே சொல்லிடுறேன். ஆறாவது வரியை நான்தான் மாத்தல. ரெண்டு அத்தை வாயையும் பொத்தினதும் நான்தான்."

நகலெடுத்ததிலிருந்து நாற்பத்தொரு சீட்டு வரைக்கும், வெண்ணிலா என்று உள்ளே போன பெரியவர் உட்பட, ஒன்றையும் விடாமல் சொன்னான். மேடம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேக் சீட்டெல்லாம் பல் க்ளினிக்குக்கா போச்சு? நம்ம கீழ் கடையோடதுமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

அவன் தலையை ஆட்டினான். மேடம் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனையே பார்த்தார். உதடு துடித்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் செல்போன் அடித்தது. அந்த வரவேற்புப் பெண்தான். ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கை காட்டினார் மேடம்.

"நெட்வொர்க் சார், காலையில முதல்ல வந்த சீட்டு பிரிண்டர் மேசைக்கு அடியில விழுந்து கிடந்திருக்கு, இப்பத்தான் பார்த்தேன். 'ஒரு கிலோ, நாலு மணிக்கு, மேல ஆறாவது மாடிக்கு. எழுத வேண்டியது: பதட்டம், வேலை நிரந்தரம், வாழ்த்துகள்'னு போட்டிருக்கு. அந்தப் பதட்டம் யாருன்னு தெரிஞ்சா கொஞ்சம் சொல்லிடுங்க சார், பாவம், காலையிலேருந்து காத்துக்கிட்டிருப்பாரு."