பரிசத்துக்குப் போன பிளாட்டூன்

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நல்ல காரியத்துக்கும் நாங்கள் நேரத்தோடு போனதில்லை. கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதுகிறவர் மேசையை மடக்கிக்கொண்டிருப்பார். காதுகுத்துக்குப் போனால் பிள்ளை அழுது முடித்து, தோட்டோடு தூங்கிக்கொண்டிருக்கும். (கருமாதிக்கு மட்டும் முன்னாலேயே போய்விடுவோம். அங்கே சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும் என்பது பாக்கியம் அத்தையின் கண்டுபிடிப்பு.) இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன், நேரத்தைக் கும்பிடுகிற ஒரு பட்டாளத்துக்காரரின் மகளைக் காதலித்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

நான் ஈப்போவில் லாரி சாமான் விற்கும் கடையில் வேலை பார்த்தேன். வாணி அதே வரிசையில் இருந்த மருந்துக்கடையில் இருந்தாள். எனக்கு அடிக்கடி தலைவலி வந்தது. ஒரு வருடம் மாத்திரை வாங்கிய பிறகு, "ஒங்களுக்குத் தலவலி இல்லன்னு எனக்குத் தெரியும்லா. அப்பாவ வந்து பாருங்க" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே தலை வலித்தது.

அவள் அப்பா சார்ஜன் துரைசாமி சிலிபினில் இருந்தார். காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்கப் போன என்னை நாற்காலியில் உட்காரவைத்து, எவ்வளவு சம்பளம், குடிப்பாயா என்று ஒன்றுமே கேட்காமல், காலாட்படையின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். டாங்கிப் படை, பீரங்கிப் படை, பாலம் கட்டுகிற படை என்று எத்தனை இருந்தாலும் எல்லாம் காலாட்படைக்கு எடுபிடிதானாம். நம் நாட்டில் அது உலகப் போருக்கு முன்னால் போர்ட்டிக்சனில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மலாய்ப் பையன்களோடு தொடங்கியதாம். பிறகு எல்லா இனத்தவரும் சேரக்கூடிய ரெஜிமெண்ட் வந்தபோது, பால்மரக் காட்டில் இருந்து இவர் ஓடிப்போய்ச் சேர்ந்தாராம்.

"தோட்டத்துல விடியக்காலம் ஆள் எண்ணுறதுக்கு பெரட்டு நிப்பாங்கள்ல? அங்க நின்ன காலுதான் தம்பி, பட்டாளத்துல பரேடு நின்னுச்சு. ஒரு நாளும் லேட்டானதில்ல."

நான் பயபக்தியோடு தலையாட்டினேன். கிரிக் காட்டில் அவர் நடந்த நடையைச் சொன்னார். பத்துப் பேர் ஒரு செக்‌ஷன், மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன், மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி என்று விரலை மடக்கிக் காட்டினார். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"பையன் பரவால்ல. ஆனா ஒங்க குடும்பம் லேட்டா வர்ற குடும்பம்னு ஒங்க ஊரு லகாட்டுல கேட்டா பூன கூட சொல்லும். பரிசம் ஞாயித்துக்கிழம. நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்ன ஒங்க தட்டு என் கேட்டத் தாண்டணும். தாண்டலன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க. இன்னொரு பரிசம்லாம் கெடையாது."

அப்பா சும்மா மிரட்டுகிறாரா என்று வாணியிடம் பிறகு கேட்டேன். "எங்க அக்கா கல்யாணத்துல நாதஸ்வரக்காரர் லேட்டா வந்தாரு. கேட்டுலேர்ந்தே திருப்பி அனுப்பிட்டாரு. அக்கா கழுத்துல தாலி ஏறுனது ரேடியோ பாட்டுல" என்றாள். அதோடு, அவர்கள் சொந்தத்தில் வாணிக்கென்று ஒரு பையன் வேறு காத்திருந்தான். அவன் எல்லாவற்றுக்கும் சீக்கிரமே வருகிறவன்.

அன்று இரவு எனக்கு ஞானம் பிறந்தது. என் சொந்தக்காரர்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரே வழி, அவர்களை ஒரு காலாட்படைப் பிளாட்டூனாக மாற்றுவதுதான்! மாமனாரும் பார்த்து அசந்துபோவார். இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். (இந்த அக்கறையில் பாதி பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் நான் லாரி சாமான் விற்றிருக்க மாட்டேன்.) பரிசத்துக்கு முந்தின வாரம் லகாட் வீட்டில் முப்பது சொந்தக்காரர்களையும் கூட்டித் திட்டத்தை விளக்கினேன்.

முதல் செக்‌ஷன், சித்தப்பா தலைமையில் ஆண்கள். தட்டு கிடையாது. முன்னால் போய் வேவு பார்க்கும். இரண்டாவது செக்‌ஷன், டீச்சர் வேலை பார்க்கும் என் அண்ணியின் தலைமையில் தட்டு தூக்கும் பெண்கள். மூன்றாவது, கிழடு கட்டைகளும் பிள்ளைகுட்டிகளும். ஒரு செக்‌ஷன் நகரும்போது மற்ற இரண்டும் அசையக் கூடாது. முன்னால் போனவர்கள் சைகை காட்டிய பிறகுதான் அடுத்தவர்கள் நகர வேண்டும். காட்டில் அப்படித்தான் போவார்களாம்.

பாக்கியம் அத்தைதான் முதலில் கையைத் தூக்கினார். "நான் யாருக்குக் கீழ?"

"அண்ணிக்கு, அத்த."

"இந்த வீட்டுக்கு நேத்து வந்தவளுக்குக் கீழ நானா? ஒங்கப்பனுக்கே நான் மூத்தவடா!"

படையில் கலகம் வெடித்தது. அத்தையை யாருக்குக் கீழே போட்டாலும் போர் மூளும் என்பதால், 'ஹெட்குவாட்டர்ஸ்' என்று ஒன்றை உண்டாக்கி, அதில் என்னையும் அத்தையையும் மட்டும் வைத்தேன். தளபதி பின்னால் பாதுகாப்பாக இருந்து கட்டளை இடுவார் என்று எங்கோ படித்தது கைகொடுத்தது. அத்தைக்குப் பரம திருப்தி.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. எங்கள் ஆட்கள் புறப்படும்போது ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டு, 'நீ கெளம்பிட்டியா, அப்ப நானும் குளிக்கிறேன்' என்று பேசியே பொழுதைக் கொல்வார்கள். எனவே பரிசத்தன்று காலையிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி அம்மாவின் பைக்குள் போட்டேன். சித்தப்பாவிடம் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்தேன். பெண் வீட்டு வாசலில் இருந்து அவர் துண்டை வீசினால் நாங்கள் புறப்படுவோம். இதைவிடக் கச்சிதமான திட்டத்தை எந்த ஜெனரலும் போட்டிருக்க முடியாது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடும்ப வரலாற்றிலேயே முதல் முறையாக, ஒரு நல்ல காரியத்துக்குச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே சிலிபினுக்கு வந்து சேர்ந்தோம். பெண் வீட்டுச் சந்தில் கார் நிறுத்த இடமில்லை. அதனால் தெருமுனையில் இருந்த மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைதான் எங்கள் முகாம். அங்கிருந்து பார்த்தால் வாணி வீட்டு வாழைமரமும் பந்தலும் தெரியும். சித்தப்பாவின் செக்‌ஷன் மிடுக்காக நடந்து போனது. பந்தலுக்குள் நுழைந்தது. நாங்கள் துண்டுக்காகக் காத்திருந்தோம்.

துண்டு வரவில்லை.

தூக்கிய வரிசைத் தட்டைக் கீழே வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மேசையில் வைக்கலாம் என்றால், சுற்றிலும் மீன் கறியும் ஆட்டுக் கறியும். அதனால் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் தேங்காய், பழம், லட்டுத் தட்டுகளோடு கடை நடுவில் நின்றார்கள். கை வலித்தவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் மாற்றிக் கொடுத்தார்கள். கடைக்கு வந்த ஒருவர் அண்ணியிடம் லட்டு என்ன விலை என்று கேட்டார். சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் கடைக்காரர் என்ன நினைப்பார் என்று அத்தை ஒரு ரொட்டி சானாய் சொன்னார். அதைப் பார்த்து மூன்றாவது செக்‌ஷன் மொத்தமும் சொன்னது.

"அண்ணே, பரிசத்துக்குத்தானே போறீங்க?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். "இங்கயே நடத்தப்போறீங்களோ?"

"சிக்னல் வரணும்ணே" என்றேன், தளபதிக்குரிய கம்பீரத்தோடு.

நேரம் நாலைத் தாண்டியது. அண்ணி, "தம்பி, போயிருவோமா?" என்றார். நானும் எழத்தான் பார்த்தேன். ஆனால் விதி விதிதானே! தளபதியே விதியை மீறினால் படை என்னாவது? மறுபடி உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், வாணியை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அப்படியும் உட்கார்ந்தே இருந்தேன். முட்டாளுக்கு ஒரு திட்டம் கிடைத்துவிட்டால் அதை விடவே மாட்டான்.

பெண் வீட்டில் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. முன்னால் போன சித்தப்பாவை, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று தடபுடலாக வரவேற்றுக் காற்றாடிக்குக் கீழே உட்காரவைத்து, சுடச்சுட வடை கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் வேட்டியில் படாமல் இருக்க சித்தப்பா சிவப்புத் துண்டை மடியில் விரித்துக்கொண்டார். அவ்வளவுதான். வாணி என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறாள். என் போன் அம்மாவின் பைக்குள் ஊமையாகக் கிடந்தது.

வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்ற சார்ஜன் கடைசியில் சித்தப்பாவிடம், "சம்மந்தி, மாப்பிள்ள எங்க?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா மூன்றாவது வடையை விழுங்கிவிட்டு, "பின்னால ஹெட்குவாட்டர்ஸ்ல இருக்காருங்க" என்றாராம்.

சந்தின் கோடியில் இருந்து ஓர் உருவம் வருவதைப் பார்த்தேன். பாத்தேக் சட்டை, வெள்ளை வேட்டி, வேட்டிக்குக் கீழே முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. கடைக்குள் வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். அத்தையின் வாயில் பாதி ரொட்டி இருந்தது.

"தம்பி, இங்க என்ன பண்றீங்க?"

"சிக்னலுக்கு வெயிட் பண்றோம் மாமா" என்று சொல்லி, மூன்று செக்‌ஷன், வேவு, துண்டு, ஹெட்குவாட்டர்ஸ் எல்லாவற்றையும் விளக்கினேன். பாராட்டுவார் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"காலாட்படைன்னா என்னா தம்பி?"

இணையத்தில் படித்ததை ஒப்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"நடக்கிற பட. எங்களுக்கு டாங்கி இல்ல, பீரங்கி இல்ல. காலு மட்டுந்தான். அதயும் நீ மாமாக் கடையில உக்கார வச்சிட்டியேப்பா!"

பிறகு திரும்பி, பட்டாளத்து மலாயில் ஒரு சத்தம் போட்டார். "செமுவா பங்குன்!"

எல்லாரும் எழுந்தார்கள். எங்கள் ஆட்களோடு, மூலையில் தேத்தாரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவரும் விறைப்பாக எழுந்து நின்றார். சார்ஜன் அண்ணியின் கையில் இருந்த முதல் தட்டை, வெற்றிலை பாக்கு தேங்காய் வைத்த தட்டை, வாங்கி என் கையில் கொடுத்தார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ள தட்டு தூக்குறதா? ஊர் ஒலகத்துல உண்டா?"

"மாப்பிள்ள ரொட்டி சானாய் கடையில ஒளிஞ்சிருக்கிறது ஊர் ஒலகத்துல உண்டாம்மா? கமாண்டர் முன்னால நடக்கணும். செப்பாட் ஜாலான்! கிரி, கானான், கிரி, கானான்!"

சிலிபின் அப்படி ஓர் ஊர்வலத்தைப் பார்த்திருக்காது. முன்னால் தட்டோடு நான். பின்னால் பட்டுச்சேலைகள் இடது கால், வலது கால் தப்பாமல். அத்தைகூட கால் மாறாமல் நடந்தார். (பெரட்டு நின்ற கால் அவருடையதும்தான்.) வீட்டு வாசல்களில் சீனப் பாட்டிகள் வந்து நின்று கைதட்டினார்கள்.

பாதி வழியில்தான் என் பட்டு வேட்டி அவிழ ஆரம்பித்தது. இரண்டு கையிலும் தட்டு. கீழே வைக்கவும் கூடாது. முழங்கையால் இடுப்பை அமுக்கிக்கொண்டு வாத்து நடை நடந்தேன். சார்ஜன் பார்த்துவிட்டார்.

"பெர்ஹெந்தி!"

எல்லாரும் நடுத்தெருவில் நின்றார்கள். ஓர் ஆப்பிள் உருண்டு சாக்கடைக்குள் போனது. அவர் தன் இடுப்பில் கட்டியிருந்த பச்சைக் கித்தான் பெல்ட்டைக் கழற்றி, என் ஜிப்பாவுக்கு மேலேயே சுற்றி, பித்தளைக் கொக்கியை 'டக்'கென்று மாட்டினார். அவருடைய வேட்டி அசையக்கூட இல்லை. அதற்கும் பயிற்சி உண்டு போலிருக்கிறது. யார் காதிலும் விழாமல், "பயப்படாத மாப்பிள்ள, நேரம் இருக்கு" என்றார். அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேட்டுக்கு வந்ததும் எங்களை நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே போய், திரும்பி நின்று, அப்போதுதான் எங்களைப் பார்ப்பவர்போலக் கைகூப்பி, "வாங்க, வாங்க சம்மந்தி! நேரத்தோட வந்துட்டீங்களே!" என்றார். ராகு காலத்துக்குச் சில நிமிடங்களே இருந்தன. வாணி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பரிசம் நடந்தது.

பரிசப் படங்களில் எல்லாம் நான் பட்டு ஜிப்பாவும் பச்சை பெல்ட்டுமாக, முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அடுத்த வருடம் என் தம்பியின் பரிசம் வந்தபோது, அண்ணனுக்கு நல்லபடியாக அமைந்ததே என்று அம்மா அவனையும் தட்டுத் தூக்கவைத்தார். மாமனாரும் அதே பெல்ட்டைக் கட்டிவிட்டார். பிறகு வாணி பக்கத்தில் இரண்டு பேர். பிறகு அவர்களுடைய சம்பந்திகள். நாங்கள் கணக்கு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டோம்.

போன மாதம் மாமனாரோடு பீடோரில் ஒரு பரிசத்துக்குப் போயிருந்தோம். என்கூட வேலை பார்க்கிறவரின் தங்கை வீடு. எங்களுக்கு எந்தச் சொந்தமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் வாசலுக்குப் போனோம். முன்னால் மாப்பிள்ளை, கையில் முதல் தட்டு, ஜிப்பாவுக்கு மேல் பளிச்சென்று ஒரு புதுப் பச்சை பெல்ட். நானும் வாணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் மாமனார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "அது என்னங்க, மாப்பிள்ளைக்கு பெல்ட்டு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா? பச்சைன்னா பசும, வெளைச்சல். தோட்டத்துக் காலத்துலேர்ந்து வர்ற வழக்கம் தம்பி" என்றார்.

"ஆமா, ரொம்பப் பழைய வழக்கம்" என்றார் என் மாமனார்.

வாணி என் காதருகே, "நல்ல வேள, நீங்க மாமாக் கடையில உக்காந்திருந்தத வழக்கமாக்காம விட்டாங்களே" என்று சிரித்தாள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. பெரியவர் திரும்பினார்.

"ஏன்மா, அதுவும் உண்டே! மொறைப்படி மொனக்கடையில ரொட்டி சானாய் குடுத்து, அர மணி நேரம் உக்கார வச்சிதானே மாப்பிள்ளயக் கூட்டியாரோம்."