அக்காவின் முழங்காலும் அத்தானின் கட்டிலும்

அன்பும் அறிவும், நடையைப் பார்த்தே வலி எந்த மூட்டில் என்று சொல்லும் திறமையும் கொண்ட மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். நலம் என்பதை இடுப்புக்கு மேலே என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். நீயும் உன் வீட்டாரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. இந்தச் சொல்லை எழுதும்போதுதான் விஷயமே ஞாபகம் வருகிறது. கையை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்தால் மூட்டெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம் எனப் போனில் சொன்னாயே, அதைச் செய்து பார்த்தேன். ஏன் என்று கேட்பாய். உன் அக்கா மூன்று மாதமாக மாடி அறைக்கு வருவதில்லை. கீழே கூடத்தில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உள்ள பிரம்பு சோபாவிலேயே படுத்துக்கொள்கிறாள். கேட்டால், பள்ளிக்கூடச் சீருடை நிறைய தைக்கவேண்டியிருக்கிறது என்பாள். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவன் நான். ஆளின் முகத்தைப் பார்த்ததும் எத்தனையாவது மாடி என்று சொல்லிவிடுவேன். உன் அக்கா முகம் மட்டும் பிடிபடவில்லை. கோபம்தான் என்று முடிவு கட்டினேன். என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்ததில் பதினோரு தப்பு கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். அதில் நாலு அவளுக்கு அதுவரை தெரியாது.

சரி, சிரிக்கவாவது வைப்போம் என்று சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூடத்தின் நடுவில் நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி வழியில் என் மூட்டுகள் பொறுப்பைக் கைகழுவிவிட்டன, மிச்ச தூரத்தைப் பூமியே பார்த்துக்கொண்டது. எழ முடியவில்லை. உன் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வந்து கைகொடுத்து இழுத்தாள். என் தோளில் 'டொக்' என்றது. தோள் மூட்டு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி, குழி ஆழமில்லாததால்தான் எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் சுலபமாகக் கழன்றும் போகிறது, இடுப்பு மூட்டோ கிண்ணத்துக்குள் இறங்கிய பந்து, லேசில் அசையாது என்றெல்லாம் நீ சொன்னது அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வரவேண்டும்? பழம் உருண்டுவிடும் என்று பயந்து கையை விட்டேன். அவள் பின்னால் இருந்த துணி மூட்டையில் சாய்ந்து, அதிலிருந்து சறுக்கி, என் எதிரே வந்து அமர்ந்தாள். நல்லவேளை, அடி இல்லை. ஆனால் அவளாலும் எழ முடியவில்லை. சோபாவைப் பிடித்தால் அது எங்களுக்கு முன்னால் நகர்ந்து போகிறது.

அந்தச் சமயத்தில் கேஸ் சிலிண்டர்காரர் வந்தார். கதவு உள்தாழ்ப்பாள். ஜன்னல் வழியே பார்த்துக் கதவைத் திறக்கச் சொன்னார். எழுந்திருக்க முடியாது என்றேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். தனக்கும் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது, விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று சொல்லி, சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உன் அக்கா சிரித்துவிட்டாள். அந்தத் தைரியத்தில், "அப்படி என்ன கோபம் என்மேல?" என்று கேட்டேன்.

"கோபமா? யாருக்கு?"

"பின்ன ஏன் மேல வர மாட்டேங்குற?"

தன் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். "இது மடங்க மாட்டேங்குதுங்க. படியைப் பார்த்தாலே பயமா இருக்கு. நாப்பது வருஷமா பெடல் மிதிச்ச கால் இல்லையா."

தொட்டுப் பார்த்தேன். வீங்கிச் சூடாக இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, முகத்தையே பார்த்து மாடி தேடினவன், காலைப் பார்க்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே மாடிப்படிவரை நகர்ந்தோம். திரும்பி உட்கார்ந்து, பின்பக்கமாக ஒரு படி, இன்னொரு படி என்று ஏறி, மூன்றாவது படியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து எழுந்தோம். சாயங்காலமே எலும்பு டாக்டரிடம் போனோம். முழங்காலுக்குக் கிண்ணமும் இல்லை, குழியும் இல்லை, ஒரு எலும்புமேல் இன்னொன்று நிற்கிறது, தசைநாரும் தொடைத் தசையும்தான் இழுத்துக் கட்டி வைத்திருக்கின்றன என்றார். நடுவில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதாம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தொடைக்குப் பயிற்சி போதும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை தச்சரை வரவழைத்துக் கட்டிலைக் கீழே இறக்கினேன். படி திரும்பும் இடத்தில் அது மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நகரவில்லை. மேலே தச்சர், கீழே நான், நடுவே கட்டில். டீயைக்கூடக் கட்டில் சட்டத்துக்கு மேலே கைமாற்றித்தான் குடித்தோம். இப்போது அது மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நேற்றிலிருந்து உன் அக்காவுக்கு அருகிலேயே படுக்கிறேன். நீ ஒருநாள் வந்து பயிற்சியைச் சொல்லிக்கொடு. உன் கைகால் நீ சொன்னபடி கேட்கட்டும், உன் பிள்ளைகள் நீ சொல்வதில் பாதியாவது கேட்கட்டும் என வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழங்கால் வலி நிஜம்தானாம், ஆனால் அது வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். அதற்கு முந்தைய இரண்டு மாதம் கீழே படுத்தது என் குறட்டை தாங்காமலாம். சொன்னால் என் மனசு நோகுமே என்று பழியை முழங்கால்மேல் போட்டாளாம். கட்டிலைத் திரும்ப மேலே ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். நீங்க மேல படுத்தாலும் கீழ வரைக்கும் சத்தம் கேக்கத்தான் செய்யுது. பக்கத்துல இருந்தா ஒரு தட்டாவது தட்டலாம்" என்றாள்.