ஜெனீவாவின் இன்டர்வியூ

என் வாழ்க்கையில் என்னை அதிகமாகக் கோபப்பட வைத்தவர் யார் என்று கேட்டால், என் மாமனாரைக்கூட இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். முதலிடம் ஜெனீவாவுக்கு. அவருடைய சொந்தப் பெயர் புதுக்கோட்டையில் தபால்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜெனீவா நகரத்தில் நாடுகளெல்லாம் கூடிப் பேசும் சபை ஒன்று அப்போது இருந்தது. அதைப் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு இட்லியை விழுங்க முடியாது. அதனால் வந்த பெயர்.

யுத்தத்துக்குச் சற்று முந்தைய காலம். நான் சமஸ்தான ஆபீஸில் குமாஸ்தா. கீழ ராஜ வீதியில் ஒரு மெஸ்ஸின் மாடி அறையில் நானும் அவரும் குடியிருந்தோம். நாட்டுக்கும் நாட்டுக்கும் ஏன் சண்டை வருகிறது, அதை எப்படித் தீர்ப்பது என்று லண்டனில் படித்து டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர் அவர். வந்தவர் வேலைக்குப் போக வேண்டாமா? மறுபடியும் சீமைக்குப் போய் மேலாராய்ச்சி செய்ய வேண்டும் என்று யூனிவர்சிட்டி யூனிவர்சிட்டியாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். மெஸ்காரம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"டாக்டருக்கே படிச்சாச்சுல்ல. இன்னும் என்ன படிப்புங்க?"

"இது படிப்பு இல்லம்மா, ஆராய்ச்சி."

"அப்ப இத்தன நாளு பண்ணுனது?"

"ஆராய்ச்சி எப்படிப் பண்றதுன்னு படிச்சேன்."

அந்த அம்மாள் அவர் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

அவருடைய ஆராய்ச்சியின் சாரம் இதுதான். சண்டை போடுகிறவன் முதலில் எதிராளியின் நியாயத்தைத் தன் வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும். 'ஆமாம், சரியாகச் சொன்னாய்' என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகுதான் தன் கட்சியைப் பேசலாம். நாடுகள் இதற்குச் சம்மதிக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. பால்காரிக்கும் மெஸ்காரம்மாவுக்கும் தண்ணீர் கலந்த விஷயமாக எழுந்த சிறு பேச்சில் புகுந்து சமாதானம் செய்தார். அதன்பின் வெகுநாள் நாங்கள் கடுங்காப்பி குடித்தோம். அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே வாளி. அவர் ஏன் முதலில் குளிக்க வேண்டும் என்பதை அவர் சார்பில் நான் எடுத்துச் சொல்லி, அவர் திருப்திப்பட்டு, அப்புறம் நான் குளித்து ஆபீஸுக்குப் போனால் தலைமைக் குமாஸ்தா கடிகாரத்தின் அடியிலேயே நின்றுகொண்டிருப்பார். ஜெனீவா சமாதானம் செய்து வைத்தவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் சண்டையே போட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு நாள் அழைப்பு வந்தது. சீமை யூனிவர்சிட்டி ஒன்று ஆள் எடுக்கிறது. அதன் கமிட்டி திருச்சிக்கு வந்து, அங்கே ஒரு கல்லூரியில் ஒரே ஒரு நாள் பிற்பகலில் இன்டர்வியூ நடத்துகிறது. வயது வரம்பு அவருக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது. இதுவும் தவறினால் தான் சொன்ன வேலையில் சேர வேண்டும் என்று அவருடைய அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தனியாக விட்டால் போய்ச் சேரமாட்டார் என்று மெஸ்காரம்மா வற்புறுத்தியதால், நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

காலை பஸ். கோட்டும் டையுமாக ஜெனீவா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நார்த்தாமலை தாண்டி, கீரனூருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது சாலையின் குறுக்கே வண்டிகள் நின்றன. இரண்டு பக்கமும் கம்போடு ஆட்கள். கண்மாய்த் தண்ணீரை எந்த மடையில் விடுவது என்று மேலக்கரைக்கும் கீழக்கரைக்கும் தகராறு. டிரைவர் ஹாரன் அடித்தார். அவர்கள் மரியாதையாகவே வண்டிகளை ஒதுக்கி, பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். நான் நிம்மதியாக மூச்சு விட்டுத் திரும்பினால் பக்கத்து ஸீட் காலி. ஜெனீவா இறங்கி, கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

கையைப் பிடித்து இழுத்தேன். இன்டர்வியூவை நினைவுபடுத்தினேன். அப்பாவை, வயது வரம்பை, என் லீவை, எல்லாவற்றையும் சொன்னேன். "கம்ப எடுத்துட்டாங்க, பாக்கலையா? நீங்க போங்க, நான் அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்" என்றார். பஸ் போய்விட்டது. நான் பையை வைத்துக்கொண்டு சாலையில் நின்றேன்.

கோட்டுப் போட்டவரை சர்க்கார் அதிகாரி என்று நினைத்துத்தான் முதலில் அவர்கள் பேச்சைக் கேட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும் இரண்டு கரைக்காரர்களும் ஒன்று சேர்ந்து அவரைத் திட்டினார்கள். அவர் அசையவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கரையும் எதிராளியின் நியாயத்தைச் சொன்னால்தான் எழுந்திருப்பேன் என்றார். அடுத்த பஸ் வந்தது, போனது. கடைசியில், இந்த மனிதர் தொலைந்தால் போதும் என்ற எரிச்சலில் மேலக்கரையின் ஊர்த்தலைவரான அம்பலக்காரர் துண்டை உதறி எழுந்தார்.

"அவுக பயிரு கதிரு விடப் பொதி கட்டிருச்சு. இப்ப ஒரு தண்ணி இல்லேன்னா அம்புட்டும் சாவியாப் பதராப் போயிரும். பிள்ள குட்டிக்குக் கஞ்சி இல்ல. அதத்தான் அவுக சொல்லுவாக."

சொல்லி முடித்தவர், தன் பேச்சு தன் காதிலேயே விழுந்ததுபோல் அப்படியே நின்றார். கீழக்கரைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர், மேலக்கரை நாற்றங்காலும் காய்ந்துதான் கிடக்கிறது என்று மெதுவாக ஆரம்பித்தார். வெயில் சாய்வதற்குள் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முறை பேசி முடித்து, கீழ மடையைத் திறந்தார்கள். எனக்கு மட்டும் ஒருவரும் ஒரு வாய் மோர்கூடத் தரவில்லை.

நாங்கள் திருச்சி போய்ச் சேர்ந்தபோது கமிட்டி மதராஸுக்கு ரயில் ஏறியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்ட கல்லூரி குமாஸ்தாவிடம், "ஒரு சமாதானப் பேச்சு இருந்துச்சு" என்றார் ஜெனீவா. குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வழிநெடுகத் திட்டினேன். ஜெனீவா டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

"என் ஆராய்ச்சி பலிக்கும்னு இத்தன நாளா எனக்கே நம்பிக்கை இல்லைங்க. இன்னிக்குத்தான் பாத்தேன்."

அவர் கண் கலங்கியது சந்தோஷத்தாலா, போனதை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. சீமை ஆராய்ச்சியெல்லாம் மூட்டை கட்டியாயிற்று. ஆவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார் வேலைக்குச் சேரச் சொன்னார் அப்பா. ஜெனீவாவும் போய் வேலையில் சேர்ந்தார். மாடி அறை முழுக்க எனக்கே கிடைத்தது. வாளி எனக்கு, ஜன்னல் எனக்கு, வாய் பேசாமல் சாப்பிடும் நிம்மதியும் எனக்கு. ஒரு வாரம் அதை அனுபவித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கீரனூர் வரை பஸ்ஸிலும், மீதியை மாட்டுவண்டியிலுமாக ஆவூர் போய் இறங்கினேன். எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று ஜெனீவா கேட்டார். திட்டியது போதவில்லை என்றேன்.